தாழியும் பாயும், நடுவில் ஓர் ஆட்டோவும்

நெல்லை புது பஸ் ஸ்டாண்டில் திருச்செந்தூர் பஸ் ஏறும்போதே கேட்டேன், ஆதிச்சநல்லூரில் நிற்குமா என்று. நடத்துநர் தலையை ஆட்டினார். அந்த ஆட்டலுக்கு அர்த்தம் 'நிற்காது' என்பது, அந்த ஊரின் பழங்கால இடுகாட்டு மேடான பறம்பு ஜன்னலுக்கு வெளியே ஓடி மறைந்தபோதுதான் புரிந்தது. "முன்னாடியே எந்திரிச்சு வரக் கூடாதா?" என்று எனக்கே ஏச்சு வேறு. ஸ்ரீவைகுண்டம் பக்கம் இறக்கிவிட்டார்கள். திரும்பி வர ஆட்டோவுக்கு, "350 குடுங்க அண்ணாச்சி." அந்தத் தூரத்துக்கு அது அநியாயம். வெயிலைப் பார்த்துவிட்டுக் கொடுத்தேன். மதியச் சாப்பாட்டுக் காசு அத்தோடு சரி.

கண்ணாடித் தளத்தில் கால் வைக்கும்வரைதான் கோபம். கீழே குழி, குழிக்குள் இறந்தவர்களை வைத்துப் புதைத்த தாழிகள், கிடந்த கிடையிலேயே. 2023-இல் திறந்த அருங்காட்சியகம் இது. 1876-இல் இங்கே தோண்டிய ஜெர்மானியர் ஜாகோர், கிடைத்ததை பெர்லினுக்குக் கொண்டுபோனார். 1899 முதல் 1905 வரை தோண்டிய அலெக்சாண்டர் ரீ கண்டெடுத்த தங்க நெற்றிப்பட்டங்கள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போயின. பழம்பொருளைக் காப்பது என்றால் ஊரைவிட்டு எடுத்துப்போவது என்றே அன்று நினைத்தார்கள். நினைவுச் சின்னத்தை அது நிற்கும் சூழலிலிருந்து பிரிக்க முடியாது என்று, பழஞ்சின்னங்களைக் காப்பதற்கான உலக நெறிகளை வகுத்த 1964 வெனிஸ் சாசனம் சொன்னது. அந்த நினைப்பு பறம்புக்கு வந்துசேர ஏறக்குறைய 60 வருஷம்! தங்கம் இன்னும் வரவில்லை என்பது வேறு கதை.

டவுனுக்குத் திரும்பி, ராத்திரிக்கு வைத்திருந்த காசில் சொதிச் சாப்பாடு. தேங்காய்ப்பால் மணம், தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல். கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போடும் விருந்து, எனக்கு யாரும் பெண் கொடுக்காமலே கிடைத்தது. மூன்று முறை ஊற்றச் சொன்னேன். இதையும் மரபு என்று ஏன் எழுதிவைக்கக் கூடாது?

அப்புறம் கோரைப் பாய்க்குப் பேர்போன பத்தமடை. உலக மரபைக் காக்க யுனெஸ்கோ கொண்டுவந்த 1972 ஒப்பந்தம் கட்டடங்களையும் இயற்கை இடங்களையும்தான் பார்த்தது. கையில் இருக்கும் வித்தைக்குத் தனி ஒப்பந்தம் வர 2003 ஆனது. இங்கே ஒரு அக்கா ஆற்றில் ஊறப்போட்ட கோரையை முடிமாதிரி கிழித்துத் தறியில் கோத்துக்கொண்டிருந்தார். கல்யாணப் பாய்க்குப் பெண் மாப்பிள்ளை பெயரையும் சேர்த்தே நெய்வார்களாம். தொட்டுப் பார்த்தேன், துணிதான்! புவிசார் குறியீடு சும்மா கொடுக்கவில்லை. பட்டுப் பாய் விலை கேட்டதும் பேரம் பேச வாய் வந்தது. ஆட்டோவில் வராத வாய்.

"படம் எடுக்கத்தான் நிறைய பேர் வாராங்க" என்றார், தறியிலிருந்து கண்ணை எடுக்காமல். மகளுக்கு இந்த வேலை தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியும். அவ பீடி சுத்துதா. வாராவாரம் கூலி கைக்கு வருதுல்லா."