இறகுதிர்க்கும் பருவத்தில் உள்ளான்களைப் பிரித்தறிவது

கரைப்பறவைகளைப் படிக்க ஆரம்பிக்கிறவர்கள் பெரும்பாலும் பறவைக் கையேட்டில் உள்ள இனப்பெருக்கக் கால இறகுக் கோலத்தையும் குளிர்கால இறகுக் கோலத்தையும் மனப்பாடம் செய்துகொண்டு போவார்கள், அங்கே நிற்கிற பறவையோ இரண்டிலும் சேராது. வடக்கிலிருந்து ஆகஸ்டில் வந்து இறங்குகிற வளர்ந்த பறவைகளும் ஏப்ரலில் கிளம்பத் தயாராகிறவையும் பாதி மாறிய நிலையில்தான் இருக்கும். அதனால் நிறத்தைக் கடைசியில் வையுங்கள், நான் படித்த வரிசை அதுதான்.

முதலில் வயது. செப்டம்பரில் முதுகு இறகுகள் ஒவ்வொன்றும் வெளிர் விளிம்போடு செதில் செதிலாக, ஒரே சீராக இருந்தால் அது அந்த வருஷத்து இளம்பறவை. பழசும் புதுசும் கலந்து ஒட்டுப்போட்ட துணி மாதிரி இருந்தால் வளர்ந்த பறவை. இன்னொன்று, இறகின் வெளிர் விளிம்பு சீக்கிரம் தேயும், கருநிறமி உள்ள பகுதி தாங்கும். ஆக ஓர் இறகுகூட உதிராமலே அதே பறவை சில வாரங்களில் கருத்துத் தெரியும்.

அப்புறம் உதிர்ந்தாலும் மாறாத அடையாளங்கள். ஒன்றுபோலத் தெரியும் உள்ளான்களான கர்லியூ சேண்ட்பைப்பரும் (இங்கே சுருக்கமாக கர்லியூ) டன்லினும் நல்ல உதாரணம். வயிற்றில் கர்லியூவின் செங்கல் சிவப்புத் திட்டோ டன்லினின் கருப்புத் திட்டோ மிச்சம் இருந்தால் சரி, வேலை முடிந்தது. இல்லாவிட்டால் அது பறக்கும்வரை காத்திருங்கள்: கர்லியூவுக்கு வாலடிக்கு மேலே உள்ள பிட்டம் வெள்ளை, இனப்பெருக்கக் கோலத்தில் மட்டும் அதில் கொஞ்சம் கரும்பட்டைகள் இருக்கலாம்; டன்லினுக்கு அதன் நடுவில் கருங்கோடு ஓடும், எந்தக் கோலத்திலும். சிறகு நுனி வாலைத் தாண்டி நீண்டால் கர்லியூ என்று ஓர் அடையாளமும் சொல்வார்கள், ஆனால் வளர்ந்த பறவை பறக்கும் இறகுகளை உள்ளிருந்து வெளியே வரிசையாகத்தான் உதிர்க்கும், கடைசியில் வெளி இறகுகள் பாதி வளர்ந்து நிற்கும்போது கர்லியூவின் சிறகும் குட்டையாகத் தெரியும். அந்த நேரத்தில் இதை நம்பவே கூடாது.

உப்புக்கொத்தி வகையைச் சேர்ந்த கிரே ப்ளோவருக்கும் பசிபிக் கோல்டன் ப்ளோவருக்கும் இவ்வளவு பாடு கிடையாது. சிறகைத் தூக்கும்போது அக்குள் கருப்பாக இருந்தால் கிரே ப்ளோவர், சாம்பலாக இருந்தால் மற்றது.

கொசு உள்ளானுக்குக் கால் கருப்பு, அதே மாதிரிச் சின்ன உள்ளானான டெமிங்க் ஸ்டின்ட்டுக்கு மஞ்சளும் பச்சையும் கலந்த மாதிரி. சேறு அப்பிய காலை வைத்து முடிவு கட்டுகிறவர்கள் ஏராளம்! அது தண்ணீருக்குள் இறங்கிக் கழுவிக்கொண்டு வரட்டும், அல்லது பறக்கும்போது வாலின் ஓரத்தைப் பாருங்கள், டெமிங்குக்கு அது பளிச்சென்று வெள்ளையாக இருக்கும்.

ஒன்றுபோலவே இருக்கும் சிறு உப்புக்கொத்திகளான சேண்ட் ப்ளோவர்கள்தான் உண்மையான தலைவலி. மார்பின் செந்நிறம் போனபிறகு அலகின் நீளம், பருமன், காலின் நீளம் என்று ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும், ஒப்பிடப் பக்கத்தில் இன்னொரு பறவை வேண்டும். தூரத்தில் தனியாக ஒன்று நின்றால் நான் இனம் பிரிப்பதில்லை, பறவைகளைப் பதிகிற ஈபேர்ட் தளத்தில் இனங்களைச் சேர்த்துப் பதிகிற வசதி இருக்கிறது, அதைப் போட்டுவிடுகிறேன்.