கலங்காத பைக்காகக் காத்திருந்த நாட்கள்

வெளியே மே மாத வெயில். கோல்ட் ரூமுக்குள் 4 டிகிரி. கதவோரம் ஆணியில் தொங்கும் ஒரே ஸ்வெட்டரை ஆளாளுக்கு மாற்றிப் போட்டுக்கொண்டு உள்ளே போவோம். ஒரு பெரிய பீக்கரில் காந்தத் துண்டு மெல்லச் சுழலும். அதற்குள் இரு முனையிலும் கிளிப் போட்ட டயாலிசிஸ் பை மிதக்கும். புரதத்தை உள்ளே நிறுத்தி, சிறிய மூலக்கூறுகளை மட்டும் வெளியே விடும் சவ்வுப் பை அது. முந்தின நாள் மாலை கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்த அந்தப் பை, மறுநாள் காலையில் அரிசி களைந்த தண்ணீர் போல வெளுத்துக் கிடக்கும். கலங்கிவிட்டால் அவ்வளவுதான், உள்ளே இருக்கும் புரதத்தால் ஒரு பயனும் இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில் அப்படி எட்டுப் பைகளைக் கொட்டியிருக்கிறேன்.

எம்.எஸ்சி. முடித்ததும் தரமணிப் பக்கம் ஒரு லேபில் ப்ராஜெக்ட் அசிஸ்டன்ட் வேலை. ஒரு நொதியை ஈ.கோலை பாக்டீரியாவில் நிறையச் செய்யவைத்து, பிரித்தெடுத்து, படிகமாக்கி, அதன் வடிவத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். பாக்டீரியா தாராளமாகவே செய்து கொடுத்தது. ஆனால் செல்களை உடைத்து, சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி, புரதங்களை அளவு வாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல் ஓட்டிப் பார்த்தால், எங்கள் நொதியின் தடித்த நீலப் பட்டை மேலே நிற்கும் நீரில் இல்லை, அடியில் படிந்த கசடில் இருந்தது. வேகமாக உற்பத்தி செய்யும்போது புரதச் சங்கிலிகள் சரியாக மடிய நேரமில்லாமல் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். இன்க்ளூஷன் பாடி என்பார்கள். 18 டிகிரியில் இரவு முழுக்க மெதுவாக வளர்த்துப் பார்த்தோம். கொஞ்சம் குறைந்தது, போதவில்லை.

சரி, கட்டியையே கரைப்போம் என்று முடிவானது. 8 மோலார் செறிவுள்ள யூரியாக் கரைசலில் போட்டால் புரதம் மடிப்பெல்லாம் அவிழ்ந்து நீளச் சங்கிலியாக விரிந்துவிடும். யூரியாவைக் கரைக்கும்போது பீக்கர் கையில் ஐஸ் போலச் சில்லிடும், சுற்றியுள்ள வெப்பத்தை இழுத்துக்கொண்டுதான் அது கரையும். முதல் முறை அந்தக் குளிர்ச்சியை உணர்ந்தபோது ஏதோ தப்பாகிவிட்டது என்று பயந்து சீனியர் அக்காவைக் கூப்பிட்டேன். "அது அப்படித்தாம்மா இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

விரித்தாயிற்று, இனி மடிக்க வேண்டும். ஆனால் கையால் மடிக்க முடியாது. யூரியாவை எடுத்துவிட்டால் அதுவே மடிந்துகொள்ளும் என்பதுதான் நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் அமெரிக்க உயிர்வேதியியலாளர் கிறிஸ்டியன் அன்ஃபின்சன். ரிபோநியூக்ளியேஸ் என்ற 124 அமினோ அமிலம் கொண்ட நொதியை யூரியாவில் விரித்தார், அதிலிருந்த 4 கந்தகப் பிணைப்புகளையும் அறுத்தார். பிறகு எல்லாவற்றையும் நீக்கியதும் அது பழையபடி மடிந்து வேலை செய்தது. அந்தப் பிணைப்புகளைப் போடும் அமினோ அமிலம் சிஸ்டீன். எட்டு சிஸ்டீன்களை ஜோடி சேர்க்க 105 வழி உண்டு. அதில் சரியான ஒரே வழியை அந்தச் சங்கிலி தானாகவே தேடிக்கொண்டது. எப்படி மடிய வேண்டும் என்ற தகவல் அமினோ அமில வரிசைக்குள்ளேயே இருக்கிறது என்று அவர் காட்டினார். 1972இல் நோபல் பரிசு கிடைத்தது. கல்லூரியில் இதை ஐந்து மதிப்பெண் கேள்வியாகப் படித்தவள்தான் நானும். அந்த 105க்கு என்ன எடை என்பது எட்டாவது பையைக் கொட்டும்போதுதான் புரிந்தது.

லேபின் தலைவரான மேடம் வந்து பார்த்தார். "என்ன கான்சன்ட்ரேஷன்ல வெச்ச?"

"மில்லிக்கு 2 மில்லிகிராம் மேடம்."

"ரொம்பக் கூட்டமா இருக்கும்மா. ஒண்ணு இன்னொண்ணைப் பார்க்காத அளவுக்குத் தண்ணியா பண்ணு."

இதைவிடச் சரியாக யாரும் எனக்கு இந்த விஷயத்தை விளக்கியதில்லை. புரதச் சங்கிலியில் நீரோடு சேராத, எண்ணெய்த்தன்மை கொண்ட பகுதிகள் உண்டு. மடிந்த நிலையில் அவை உள்ளே ஒடுங்கியிருக்கும். விரித்துப் போட்டால் வெளியே தெரியும். யூரியாவைச் சட்டென்று எடுத்தால், ஒவ்வொரு சங்கிலியும் தனக்குள் சுருண்டு அந்தப் பகுதிகளை மறைப்பதற்கு முன்னால் பக்கத்துச் சங்கிலியின் அதே போன்ற பகுதியில் ஒட்டிக்கொள்ளும். அதுதான் அந்த வெள்ளைக் கலங்கல். முட்டையின் வெள்ளைக்கரு வேகும்போது நடப்பதும் ஏறக்குறைய இதுதான்.

ஆகவே மில்லிக்கு 0.05 மில்லிகிராம் என்று நீர்க்க வைத்தேன். பஃபரில், அதாவது அமிலத்தன்மை மாறாமல் காக்கும் கரைசலில், ஆர்ஜினின் சேர்த்தேன், அது ஒட்டுவதைத் தடுக்கும். கந்தகப் பிணைப்புகள் தப்பாகச் சேர்ந்தால் பிரிந்து மறுபடி சேர வாய்ப்பு வேண்டுமே, அதற்குக் குளுட்டாதயோனின் இரண்டு வடிவங்களும். யூரியாவில் இருந்த புரதத்தைக் குளிர்ந்த பஃபருக்குள் சொட்டுச் சொட்டாக விட்டேன். ஒரு சொட்டு விழுந்த இடத்தில் கானல் மாதிரி ஒரு நெளிவு தெரியும், கரையும், அடுத்த சொட்டு. 40 நிமிடம் ஒரே இடத்தில் நின்றதில் விரல் நுனி மரத்துப்போனது. அப்புறம் டயாலிசிஸ்.

மறுநாள் பை தெளிவாக இருந்தது. தெளிவாக இருப்பது மட்டும் போதாது, மடிப்பு சரியா என்று பார்க்க வேண்டும். எங்கள் நொதிக்கு ஒரு நிறமற்ற சேர்மத்தைக் கொடுத்தால் அதை வெட்டி நைட்ரோபீனாலை விடுவிக்கும், கரைசல் மஞ்சளாகும். க்யூவெட் என்ற சிறிய சதுரக் குப்பியில் விட்டு ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். முதலில் ஒன்றும் இல்லை. ஒரு நிமிடத்தில் எலுமிச்சைச் சாற்றின் வெளிர் நிறம். மூன்றாவது நிமிடத்தில் நல்ல மஞ்சள். அக்கா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இருவரும் எதுவும் பேசவில்லை. அத்தனை கோடிச் சங்கிலிகள், யாரும் கை வைக்காமல், ஒவ்வொன்றும் தன் வடிவத்தைத் தானே கண்டடைந்திருந்தன.

சைதாப்பேட்டையிலிருந்து தரமணிக்கு என் பஸ் சர்தார் படேல் சாலை வழியாகத்தான் போகும். கிண்டியில் சென்னைப் பல்கலைக்கழக வளாகம், சற்றுத் தள்ளி மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம். இந்தச் சிறிய தூரத்துக்குள் புரத அறிவியலின் ஒரு பெரிய அத்தியாயம் எழுதப்பட்டது என்பது அந்த பஸ்ஸில் போகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று நினைத்துக்கொள்வேன். ஜி.என். ராமச்சந்திரன் 1952இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தபோது வயது ஏறக்குறைய 30. முதலில் சி.வி. ராமனைத்தான் கூப்பிட்டார்கள், அவர் தன் மாணவரைக் கைகாட்டினார். எக்ஸ் கதிர்க் கருவியை வைத்துக்கொண்டு ராமச்சந்திரன் எடுத்துக்கொண்ட பொருள் கொலாஜன். நம் தோலிலும் தசைநாணிலும் எலும்பிலும் இருக்கும் புரதம். செருப்புத் தோலும் பதப்படுத்திய கொலாஜன்தான், அதனால் தோல் ஆராய்ச்சி நிறுவனம் பக்கத்தில் இருந்தது நல்ல பொருத்தம். 1954இல் கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து அவர் சொன்ன விடை மூன்று சங்கிலிகள். அடுத்த ஆண்டு அதைத் திருத்தி, மூன்றும் கயிறு போல ஒன்றாக முறுகியிருப்பதாகக் காட்டினார். ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின். மூன்று புரியும் நெருங்கும் நடுப்பகுதியில் இருப்பதிலேயே சிறிய அமினோ அமிலத்துக்கு மட்டும்தான் இடம்.

அதற்கு எதிர்ப்பு வந்தது. சில அணுக்கள் இருக்கக் கூடாத அளவுக்கு நெருக்கமாக இருக்கின்றன என்று டி.என்.ஏ. வடிவத்தைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் சுட்டிக்காட்டினார்கள். ராமச்சந்திரன் செய்தது எனக்கு மிகவும் பிடித்த காரியம். அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்கலாம் என்று தெரிந்த படிகங்களையெல்லாம் எடுத்து அளந்தார். பிறகு ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவரோடும் சேர்ந்து, புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கணுவிலும் திரும்பக்கூடிய இரண்டு கோணங்களை, ஃபை, சை என்று, இரண்டு அச்சில் வைத்து, எந்தத் திருப்பத்தில் அணுக்கள் மோதும், எதில் மோதாது என்று கணக்கிட்டார்கள். 1963இல் வந்த அந்தச் சதுரப் படத்தில் முக்கால் பாகம் காலி. அங்கே சங்கிலி போகவே முடியாது. அனுமதி உள்ள சில தீவுகளில்தான், புரதங்களில் அடிக்கடி வரும் வடிவங்களான ஆல்ஃபா சுருளும் பீட்டா தகடும் இருக்கின்றன. ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வாதாடாமல் அளவுகோலைச் செய்தார்கள். இன்று உலகில் எந்த மூலையில் யார் புரத வடிவத்தைத் தீர்த்தாலும் கிண்டியில் போட்ட அந்தப் படத்தில் வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள்.

என்னுடையதையும் அப்படித்தான். படிகம் கிடைத்து, எக்ஸ் கதிர்த் தரவு வந்து, கம்ப்யூட்டர் திரையில் நீல வலை மாதிரி தெரியும் எலக்ட்ரான் அடர்த்திக்குள் சங்கிலியை ஒவ்வொரு அமினோ அமிலமாகப் பொருத்தினேன். மூன்று மாத வேலை. முடிவில் ராமச்சந்திரன் படத்தைப் போட்டால் எல்லாப் புள்ளிகளும் தீவுக்குள், ஒன்று மட்டும் சிவப்பாக வெட்டவெளியில். ஒரு வளைவில் இருந்த செரின் என்ற அமினோ அமிலம். 300க்கு மேற்பட்டதில் ஒன்றுதானே, வலைக்குள் பொருந்தித்தானே இருக்கிறது என்று விட்டுவிட இருந்தேன்.

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எல்லாச் சிவப்புப் புள்ளியும் தப்பில்லை. நொதி வேலை செய்யற இடத்துல சிலது வேணும்னே இறுக்கமா இருக்கும். ஆனா இது அந்த இடம் இல்லையே. சுத்திப் பாரு."

பார்த்தோம். வளைவு இருந்த இடத்தில் வலை மங்கலாகத்தான் இருந்தது. இரண்டு அமினோ அமிலங்களை இணைக்கும் பெப்டைடின் ஆக்சிஜனை நான் இந்தப் பக்கம் வைத்திருந்தேன், அங்கே அதற்குப் பிணைய யாரும் இல்லை. எதிர்ப்பக்கம் ஒரு நீர் மூலக்கூறு சரியான தூரத்தில் இருந்தது. பெப்டைடை 180 டிகிரி திருப்பினேன். ஆக்சிஜன் நீரை நோக்கித் திரும்பியது. படத்தை மறுபடி போட்டோம். சிவப்புப் புள்ளி இல்லை, செரின் பீட்டா தீவுக்குள் போய் மற்றவற்றோடு உட்கார்ந்திருந்தது. வலையும் முன்பைவிட நன்றாகப் பொருந்தியது. என் கண் ஏற்றுக்கொண்டதை அந்தப் படம் ஏற்கவில்லை, அதுதான் சரியாக இருந்தது.

இப்போது புரத வடிவத்தைக் கணிக்கும் செயற்கை நுண்ணறிவு நிரல் ஆல்ஃபாஃபோல்டு இருக்கிறது. வரிசையைக் கொடுத்தால் சில நிமிடங்களில் வடிவம் வந்துவிடும். 2020இல் அது செய்து காட்டியது பெரிய சாதனை, 2024இல் வேதியியல் நோபலும் அதற்கு வந்தது. நானும் தினமும் பயன்படுத்துகிறேன், நன்றியோடுதான். ஆனால் அது சொல்வது மடிந்து முடிந்த வடிவத்தை. எந்த வழியாக மடிய வேண்டும், எங்கே சிக்கும், என்ன பஃபர், எத்தனை டிகிரி என்பதையெல்லாம் அது சொல்வதில்லை. எல்லா வடிவங்களையும் ஒவ்வொன்றாக முயன்று பார்த்தால் ஒரு சிறிய புரதம்கூட மடிந்து முடிக்கப் பிரபஞ்சத்தின் வயது போதாது என்று சைரஸ் லெவிந்தால் என்ற விஞ்ஞானி 1969இலேயே சொன்னார். புரதமோ பல சமயம் ஒரு நொடிக்குள் மடிந்துவிடுகிறது. அது போகும் பாதையை என் கோல்ட் ரூமில் நான் இன்னும் பை பையாகத்தான் தேடுகிறேன்.

இந்த மாதம் புதிய புரதம், மூன்று கந்தகப் பிணைப்புகள். அதன் கணித்த வடிவம் மேசைக் கம்ப்யூட்டரில் அழகாகச் சுழல்கிறது. இரண்டு பைகள் கலங்கிவிட்டன. மூன்றாவதில் ஆர்ஜினினைக் கூட்டி, இன்னும் நீர்க்க வைத்திருக்கிறேன். புதிதாகச் சேர்ந்த தம்பி நேற்று பீக்கரைத் தூக்கி வெளிச்சத்தில் ஆட்டிப் பார்க்கப் போனான், "ஆட்டாதப்பா, அப்படியே குனிஞ்சு பாரு" என்றேன். இன்று காலை இருவரும் குனிந்து பார்த்தோம். பைக்குப் பின்னால் ஒட்டியிருந்த லேபிளின் எழுத்து தெளிவாகத் தெரிந்தது. இதில் யூரியாவைப் படிப்படியாகத்தான் குறைக்கிறேன், சாயங்காலம் 2 மோலார் யூரியாவுக்கு மாற்ற வேண்டும்.