டிரெய்லர் தளத்துக்கு மழைக்காப்பு: பலகையின் ஓரத்தோடு ஒரு போராட்டம்

பவர் டில்லருக்குப் பின்னால் பூட்டும் சிறு டிரெய்லரை வீட்டிலேயே பற்றவைத்துச் செய்தேன். இரும்புச் சட்டம் இன்றும் அசையாமல் இருக்கிறது. தளமாகப் போட்ட பிளைவுட்தான் ஒரே ஓர் ஐப்பசி, கார்த்திகையோடு போய்விட்டது. தை மாதம் பார்த்தபோது ஓரங்கள் நனைந்த நோட்டுப் புத்தகம்போல உப்பி, அடுக்குகளுக்கு இடையே நகம் நுழைந்தது. பண்ருட்டிப் பக்கம் பலாப்பழம் ஏற்றும் வண்டிக்கு அந்தத் தளம் ஆகாது.

இம்முறை ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரையுள்ள 18 மி.மீ. மரைன் பிளை, அதாவது ஈரம் தாங்கும் பிளைவுட், வாங்கினேன். "கொதிக்கிற தண்ணீரில் போட்டாலும் ஒன்றும் ஆகாது" என்றார் கடைக்காரர். உண்மைதான், ஆனால் அது பசைக்குப் பொருந்தும் உண்மை. இந்த வகைப் பலகையின் துண்டை 72 மணி நேரம் கொதிநீரில் வைத்துத்தான் ஒட்டின் வலுவைச் சோதிக்கிறார்கள். பினால் பார்மால்டிஹைடு பசை விடாது. பசைக்கு நடுவே இருப்பது மரம். அது நீரைக் குடித்து உப்பும், வெயிலில் சுருங்கும், மேலே பூசிய பெயிண்டை வெடிக்கவைக்கும். அதிகம் குடிப்பது ஓரத்தின் வழியே. மரத்தின் நுண்குழாய்கள் அறுத்த இடத்தில் வாய் திறந்து நிற்கின்றன.

8க்கு 4 அடிப் பலகையில் தளத்துக்கு 6 அடி போக, 2 அடி மிஞ்சியது. அதில் 15 செ.மீ. சதுரமாக நான்கு துண்டுகள் வெட்டி, எடை பார்த்து, இரண்டு நாள் வாளித் தண்ணீரில் அமிழ்த்தி வைத்தேன். எதுவும் பூசாத துண்டு 70 கிராம் கூடியது. மேலும் கீழும் மட்டும் வார்னிஷ் அடித்து ஓரத்தை விட்டது 48 கிராம். முழுக்க முந்திரி ஓட்டு எண்ணெய் பூசியது 31. ஓரம் உட்பட மூன்று கை எபாக்சி (இரண்டு திரவங்களைக் கலந்தால் இறுகும் பிசின்) பூசியது வெறும் 6. வார்னிஷ் துண்டின் கணக்குதான் எனக்குக் கண் திறந்தது. போன தளத்தில் நான் செய்ததும் அதேதான்.

முந்திரி ஓட்டு எண்ணெய் எங்கள் ஊரில் எளிதாகக் கிடைக்கும். மரப்படகுகளுக்குக் காலங்காலமாகப் பூசுவதுதான். கையில் பட்டால் தோல் கொப்பளிக்கும், உறை இல்லாமல் தொடக்கூடாது. மலிவு என்பதாலும் ஆண்டுதோறும் புதுப்பிக்கலாம் என்பதாலும் அடிப்பக்கத்துக்கு அதையும், மேற்பரப்புக்கும் ஓரங்களுக்கும் எபாக்சியையும் வைத்துக்கொண்டேன். எண்ணெயை முதலில் பூசியது தவறு. ஓரத்தில் வழிந்த இடத்தில் எபாக்சி பிடிக்காமல் தோலாக உரிந்தது. அரை நாள் உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டியதாயிற்று. எபாக்சி முழுக்க இறுகிய பிறகே எண்ணெய்.

சித்திரை வெயிலில் இன்னொரு பாடம். எபாக்சியைக் குவளை நிறையக் கலந்து வைத்தால் கலவை தானே சூடேறிப் பத்து நிமிடத்தில் கல்லாகிறது. சிறிது சிறிதாகக் கலந்து அகலமான தட்டில் ஊற்றிக்கொண்டால் நேரம் கிடைக்கிறது. காலையில் பூசினால், வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து பூச்சில் குமிழிகளைக் கிளப்புகிறது. மாலையில், சூடு தணியும்போது பூசினால் மரம் பூச்சை உள்ளே இழுத்துக்கொள்கிறது. இரண்டு முறைகளிலும் செய்து பார்த்துவிட்டேன், மாலைதான் சரி. இறுகியதும் மேலே படியும் பிசுபிசுப்பைத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவி, உப்புத்தாள் போட்டு, எனாமல் பெயிண்ட் இரண்டு கை. பெயிண்ட் இல்லாமல் விட்டால் வெயில் எபாக்சியைச் சுண்ணாம்பாக உதிர்த்துவிடும்.

போல்ட் துளைகளும் ஓரங்கள்தான். 10 மி.மீ. போல்ட்டுக்கு 16 மி.மீ. துளையிட்டு, மரத்தூள் கலந்த எபாக்சியால் அடைத்து, இறுகிய பின் நடுவில் மறுபடியும் துளையிட்டேன். இப்போது போல்ட் மரத்தைத் தொடுவதே இல்லை. பலகைக்கும் சட்டத்தின் இரும்பு ஆங்கிளுக்கும் நடுவே பழைய டயரிலிருந்து வெட்டிய கனமான ரப்பர் வில்லைகளை வைத்தேன். நீர் தேங்காமல் ஓடிவிடும், காற்றும் போகும்.

சென்ற மழைக்காலம் முழுவதும் வண்டி திறந்த வெளியில்தான் நின்றது. தை பிறந்ததும் நான்கு ஓரங்களையும் அளந்தேன், எங்கும் 18 மி.மீ.தான். பின்கதவுக் கீலுக்காகக் கடைசி நேரத்தில் அவசரமாகப் போட்ட இரண்டு திருகாணிகளைச் சுற்றி மட்டும் பலகை கறுத்திருக்கிறது. அந்தத் துளைகளை அடைக்காமல் நேராகத் திருகியிருந்தேன். கழற்றி, பலகை நன்றாகக் காயட்டும் என்று விட்டிருக்கிறேன். மாசியில் அடைக்க வேண்டும்.