காரில் கூலிங் குறைந்ததும் கேஸ் அடிக்காதீர்கள்

ஏப்ரல் பிறந்துவிட்டால் ஏசி கடைகளில் ஒரே பேச்சுதான்: “கேஸ் இறங்கிடுச்சு சார், டாப்-அப் பண்ணிடலாம்.” காசைக் கொடுத்துவிட்டு வந்தால் சில வாரம் ஜில்லென்று இருக்கும், பிறகு பழைய கதை. கார் ஏசியில் இருக்கும் கேஸ், பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ரப்பர் ஹோஸ், சீல் வழியாக ஆண்டுக்குச் சில கிராம் கசியலாம். ஒரே சீசனில் கூலிங் போகிறதென்றால் ஒன்று, எங்கோ லீக் இருக்கிறது. இல்லையென்றால் கோளாறு கேஸிலேயே இல்லை. எது என்று தெரியும்வரை கேஸ் சிலிண்டரைத் திறக்க விடாதீர்கள்.

அழுத்தம் அளக்கும் கேஜ் மாட்டுவதற்கு முன்பே, கையால் தொட்டுப் பார்த்தே பாதி விஷயம் தெரிந்துவிடும். வண்டியை நிழலில் நிறுத்துங்கள். ஏசி முழுக் குளிரில், புளோயர் உச்சத்தில், காற்று உள்சுழற்சியில் பத்து நிமிடம் ஓடட்டும். பானெட்டைத் திறந்தால், டாஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள தகட்டுச் சுவருக்குள் இரண்டு அலுமினியக் குழாய்கள் நுழைவது தெரியும். ஒன்று தடிமன், ஒன்று ஒல்லி. தடிமனான குழாய் கை வைத்தால் சில்லிட வேண்டும். மேலே நீர் முத்து முத்தாகக் கோத்து நிற்க வேண்டும். ஒல்லிக் குழாய் சூடாகவோ வெதுவெதுப்பாகவோ இருக்கும். கேஸை அழுத்தும் கம்ப்ரெசரிலிருந்து, அதை ஆறவைக்கும் கண்டென்சருக்குப் போகும் குழாயை மட்டும் தொடாதீர்கள், கை பொசுங்கிவிடும். பெல்ட், ஃபேன் பக்கம் துணியோ விரலோ போகக்கூடாது.

தடிமனான குழாய் நன்றாகக் குளிர்ந்து வியர்க்கிறது, உள்ளே மட்டும் கூலிங் இல்லை என்றால் கேஸுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. காற்றுப் பக்கம் பாருங்கள். பல கார்களில் கேபின் ஃபில்டர் குளோவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். கழற்றிவிட்டு ஓட்டிப் பார்த்ததும் காற்று பிய்த்துக்கொண்டு வந்தால் ஃபில்டர்தான் குற்றவாளி. புளோயர் கடைசி ஸ்பீடில் மட்டும் ஓடினால், வேகத்தைக் குறைத்துக் கொடுக்கும் ரெசிஸ்டர் போயிருக்கிறது. காற்று பலமாக வந்தும் வெதுவெதுப்பாக இருந்தால், ஹீட்டர் பக்கம் திறந்து மூடும் ஃபிளாப் முழுதாக மூடவில்லை. முதல் ஒரு மணி நேரம் பிரமாதமாக இருந்து, நெடுஞ்சாலையில் போகப்போகக் காற்றே குறைந்தால் கூலிங் காயிலில் ஐஸ் கட்டுகிறது. ஏசியை அணைத்துப் புளோயரை மட்டும் பத்து நிமிடம் ஓட விட்டால் சரியாகிவிடும். ஐஸ் கட்டுவதற்குக் காரணம் பெரும்பாலும் காயிலின் குளிரை அளக்கும் தெர்மிஸ்டர். விலை அதிகமில்லாத பாகம்.

ஓடும்போது நல்ல கூலிங், சிக்னலில் நின்றால் சூடான காற்று. இந்தப் புகாருக்குத்தான் அதிகமாகத் தேவையில்லாமல் கேஸ் அடிக்கிறார்கள். வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே கண்டென்சரைக் குளிர வைக்கிறது. நின்றதும் ஃபேன் அந்த வேலையைச் செய்ய வேண்டும். ஏசி போட்டதும் ஃபேன் சுற்றுகிறதா, முழு வேகத்தில் சுற்றுகிறதா என்று பாருங்கள். சில வண்டிகளில் இரண்டு வேகம் உண்டு. ஒன்று மட்டும் செத்துப்போவது சகஜம். சந்தேகமிருந்தால், வண்டியை ஐடிலில் விட்டுக் கண்டென்சர் முகப்பில் மட்டும் தண்ணீரை மெல்லத் தெளியுங்கள், ஒயரிங் கனெக்டர்களில் படாமல். இரண்டு நிமிடத்தில் உள்ளே ஜில்லென்று ஆனால் ஃபேனோ, கண்டென்சர் இதழ்களில் அடைத்த தூசியோதான் காரணம். இங்கே கேஸைக் கூட்டினால் ஹை சைடு (கம்ப்ரெசரிலிருந்து கேஸ் வெளியேறும் பக்கம்) அழுத்தம் இன்னும் ஏறிக் கம்ப்ரெசர்தான் அடிபடும்.

தடிமனான குழாய் குளிரவே இல்லை என்றால் அடுத்தது கம்ப்ரெசர். கம்ப்ரெசரைப் புல்லியோடு இணைத்தும் பிரித்தும் விடும் கிளட்ச் உள்ள வண்டியில், புல்லியோடு சேர்ந்து முன் தட்டும் சுற்ற வேண்டும். சுற்றவில்லை என்றால் ஃப்யூஸ், ரிலே பார்த்துவிட்டு, கிளட்ச் கனெக்டரில் மல்டிமீட்டர் வையுங்கள். 12 வோல்ட் வந்தும் தட்டு ஒட்டவில்லை என்றால் கிளட்ச்சின் காயில் எரிந்திருக்கலாம், அல்லது தட்டு தேய்ந்து இடைவெளி கூடியிருக்கலாம். பெரும்பாலான கம்ப்ரெசர்களில் அந்த இடைவெளி அரை மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். அரைமணி நேரம் வேலை செய்து, சூடேறியதும் விட்டுப்போய், ஆறியதும் மறுபடி ஒட்டினால் இடைவெளியைத்தான் முதலில் அளக்க வேண்டும். உள்ளே ஒரு ஷிம் (மெல்லிய வளையத் தகடு) எடுத்தால் தீருகிற வேலைக்குப் புதுக் கம்ப்ரெசர் விற்கிறவர்கள் இருக்கிறார்கள். வோல்ட்டேஜே வரவில்லை என்றால் கேஸ் நிஜமாகவே குறைந்து பிரஷர் ஸ்விட்ச் கட் செய்திருக்கலாம். கிளட்ச் இல்லாத புது வகைக் கம்ப்ரெசர்களில் முன் தட்டைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது, ஸ்கேனர் வேண்டும்.

இப்போது கேஜ். ஆர்134ஏ கேஸ் உள்ள வண்டி, வெளி வெப்பம் 35 டிகிரி, எஞ்சின் 1500 ஆர்.பி.எம். இந்த நிலையில் லோ சைடு (கேஸ் கம்ப்ரெசருக்குத் திரும்பும் பக்கம்) சுமார் 30 முதல் 45 பி.எஸ்.ஐ., ஹை சைடு 200 முதல் 250 வரை இருக்கலாம். இரண்டும் குறைவு என்றால் கேஸ் குறைவு. இரண்டும் அதிகம் என்றால் கேஸ் அதிகம், அல்லது உள்ளே காற்று புகுந்திருக்கிறது, அல்லது கண்டென்சர் ஆறவில்லை. லோ அதிகமாகவும் ஹை குறைவாகவும் இருந்தால் கம்ப்ரெசருக்குள் தேய்மானம். லோ சைடு முள் பூஜ்யத்துக்கும் கீழே வேக்யூமுக்கே இறங்கினால், கூலிங் காயிலுக்குள் கேஸை அளவாக விடும் எக்ஸ்பான்ஷன் வால்வு அடைப்பு. சிறிது நேரம் சரியாக இருந்து பிறகு இறங்கினால் ஈரம் உள்ளே போய் வால்வில் உறைகிறது. ஒற்றைக் கேஜ் மாட்டி லோ சைடை மட்டும் பார்த்து “சரியா இருக்கு” என்பவரை நம்ப வேண்டாம். எஞ்சினை அணைத்துவிட்டுப் பார்க்கும் அழுத்தமும் ஏமாற்றும். உள்ளே கொஞ்சம் திரவம் மிச்சமிருந்தாலே 35 டிகிரியில் 114 பி.எஸ்.ஐ.யை ஒட்டிக் காட்டும். 100 கிராம் இருக்கிறதா, 400 கிராமா என்று அது சொல்லாது.

லீக் இருக்கும் இடத்தில் கேஸோடு ஆயிலும் வெளியே வரும். அதில் தூசி ஒட்டிக் கருப்புத் திட்டாக நிற்கும். கண்டென்சர் மூலைகள், குழாய் இணைப்புகளின் ஓ-ரிங், கம்ப்ரெசர் முன் சீல், கேஸ் ஏற்றும் சர்வீஸ் வால்வின் ஊசி ஆகியவற்றை டார்ச் அடித்துப் பாருங்கள். சர்வீஸ் வால்வின் மூடியைக் கழற்றிச் சோப்பு நுரை ஒரு துளி வைத்தால் போதும், குமிழி வந்தால் தெரிந்துவிடும். கடலோர ஊர்களில் உப்புக்காற்று கண்டென்சரை அரிப்பதால் அங்கே கூடுதல் கவனம் தேவை. எதுவும் தெரியாவிட்டால் நைட்ரஜன் ஏற்றிச் சோதிக்கச் சொல்லுங்கள். ஆக்சிஜன் ஒருபோதும் ஏற்றக்கூடாது; ஆயிலோடு சேர்ந்தால் வெடிக்கும். டயருக்குக் காற்றடிக்கும் லைனும் வேண்டாம், ஈரம் உள்ளே போகும்.

கம்ப்ரெசர் உள்ளே நொறுங்கியிருந்தால் உலோகத்தூள் கண்டென்சர் வரை போயிருக்கும். இன்றைய கண்டென்சரின் நுண்ணிய வழிகளை முழுதாகக் கழுவ முடியாது. கண்டென்சர், ஈரத்தை உறிஞ்சும் டிரையர், எக்ஸ்பான்ஷன் வால்வு மூன்றையும் சேர்த்து மாற்றாவிட்டால் புதுக் கம்ப்ரெசரும் அதே வழியில் போகும்.

லீக்கை அடைத்த பிறகு குறைந்தது அரைமணி நேரம் வேக்யூம் போட, அதாவது உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்ப்பால் உறிஞ்சி எடுக்க வேண்டும். பம்ப்பை அணைத்ததும் முள்ளைக் கவனியுங்கள். கொஞ்சம் ஏறி நின்றுவிட்டால் உள்ளே ஈரம். மேலும் வேக்யூம் போட வேண்டும். நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் லீக் இன்னும் இருக்கிறது. கேஸை எடைபோட்டுத்தான் ஏற்ற வேண்டும். பானெட் உள்பக்க ஸ்டிக்கரில் கேஸின் வகையும் கிராமும் இருக்கும். சிறிய கார்களில் பெரும்பாலும் 350 முதல் 500 கிராம்தான். புது வண்டியில் ஆர்1234ஒய்எஃப் என்று போட்டிருந்தால் ஆர்134ஏ ஏற்ற விடாதீர்கள். ஹைபிரிட், எலக்ட்ரிக் வண்டிகளில் கம்ப்ரெசர் மின்சாரத்தில் ஓடுவதால் மின்கடத்தாத தனி ஆயில் வேண்டும். சாதாரண ஆயில் கொஞ்சம் கலந்தாலும் இன்சுலேஷன் கெடும். அந்த வண்டிகளை, இதற்கெனத் தனி ஹோஸும் கருவியும் வைத்திருக்கிற இடத்துக்கே கொண்டுபோங்கள்.