அக்கா மகளின் ஆசை

களுவாஞ்சிக்குடியிலிருந்து அக்கா அழைத்தார். மகளுக்குக் கட்டடக்கலை படிக்க ஆசையாம், அதில் வருமானம் வருமா என்று கேட்டார்.

மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் படிப்புக் கட்டணம் இல்லை. ஆனால் 5 வருடம். அறை வாடகை, மடிக்கணினி, பிரிண்ட் எடுக்கும் காசு எல்லாம் நம் கையிலிருந்துதான். நான் படித்தபோது கட்டட மாதிரி செய்ய அட்டை வாங்கக் காசில்லாமல், பிஸ்கட் பெட்டியை வெட்டி விடிய விடிய ஒட்டியிருக்கிறேன். கட்டர் கீறிய தழும்பு பெருவிரலில் இன்னும் இருக்கிறது.

பட்டத்தோடு முடியாது. பயிற்சி, அப்புறம் பட்டயக் கட்டடக்கலைஞராவதற்கான, அதாவது தொழில் அங்கீகாரம் பெறுவதற்கான பரீட்சை. அதுவரை சம்பளம் சிறிதுதான், கூடப் படித்த பொறியியலாளர்கள் வீடே கட்டிவிடுவார்கள். அது வலிக்கும்.

சரி, அதற்காக வேண்டாம் என்பேனா? நம் ஊர் வெயிலுக்கும் உப்புக் காற்றுக்கும் வீடு வரைய நம் பிள்ளைகள் வேண்டும்.

அக்கா, அவளை அனுப்புங்க. மடிக்கணினி என் பொறுப்பு.