தொடையிடுக்கில் மடங்காத குழாய்

பதினோராவது மாதிரியும் அதே இடத்தில்தான் மடங்கியது. பினாங்கின் பாயான் லெப்பாஸில் உள்ள எங்கள் ஆய்வகத்தில், விட்டம் குறைந்துகொண்டே போகும் உருளைகளில் கதீட்டரை, அதாவது இரத்தக்குழாய்க்குள் செலுத்தும் மெல்லிய குழாயை, சுற்றிப் பார்ப்பது எங்கள் வழக்கம். நான்காவது உருளைக்கு வந்ததும் குழாய் தட்டையாகி, மடிப்பில் வெள்ளைக் கோடு விழுந்துவிடும். நோயாளியின் தொடையிடுக்கில் வந்து அமரும் பகுதி அது.

நாங்கள் வடிவமைத்துக்கொண்டிருந்தது, மார்பைத் திறக்காமலேயே இதயத்துக்குத் துணை செய்யும் சிறு பம்பின் குழாய். தொடைத் தமனி வழியாக ஏறி, மகாதமனி வளைவைக் கடந்து, வால்வுக்குள் நுழைந்து இடது கீழறையில் பம்பின் நுனி நிற்க வேண்டும். கீழறையிலிருந்து இரத்தத்தை உறிஞ்சி மகாதமனிக்குள் தள்ளுவது அதன் வேலை. இவ்வகைப் பம்புகள் நிமிடத்துக்கு 40,000 தடவைக்கு மேல் சுழல்பவை. பம்பின் தலை 14 பிரெஞ்ச், குழாய் 9 பிரெஞ்ச். மூன்று பிரெஞ்ச் சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர். ஆக, 3 மில்லிமீட்டர் குழாய்க்குள் மின்கம்பிகள், அழுத்தம் அளக்கும் ஒளியிழை, மோட்டாருக்குச் சர்க்கரைக் கரைசல் போகும் நுண்வழி எல்லாம் அடங்க வேண்டும்.

என்னை அதிகம் தொல்லைப்படுத்தியது அந்த நுண்வழிதான். இரத்தம் மோட்டாருக்குள் புகாதபடி, எதிர்த்திசையில் மணிக்குச் சில மில்லிலிட்டர் மட்டும் கரைசல் சென்றுகொண்டே இருக்கும். அதன் ஆரம் பாதியானால் ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகிவிடும். குழாய் முழுவதும் அடைபட வேண்டியதில்லை, சற்றே நசுங்கினாலே போதும். கரைசலின் அழுத்தம் ஏறும், எச்சரிக்கை ஒலிக்கும். கவனிக்காவிட்டால் இரத்தம் உள்ளே போய் உறைந்து மோட்டார் நின்றுவிடும். இதயம் அந்த மோட்டாரை நம்பியிருக்கும் வேளையில் அது நிற்கக் கூடாது.

இத்தனையும் தெரிந்திருந்தும், குழாயை உள்ளே செலுத்தும் அந்த அரைமணி நேரத்தை வைத்துத்தான் அதுவரை எல்லாவற்றையும் கணக்கிட்டிருந்தேன். என் பெரியம்மாவுக்கு மாரடைப்பு வந்தது அந்த மாதத்தில்தான். அவருக்கு வைத்தது பம்ப் அன்று, மகாதமனிக்குள் விரிந்து சுருங்கி இதயத்துக்குத் துணை செய்யும் பலூன். ஆனால் குழாய் ஏறிய வழி ஒன்றே. "அம்மா, காலை மடக்காதீர்கள்" என்று செவிலியர் மணிக்கொரு தரம் சொல்லிக்கொண்டே இருந்தார். கட்டிலின் தலைப்பக்கத்தையும் 30 பாகைக்கு மேல் உயர்த்தவில்லை. இரண்டாம் இரவு, அயர்ந்த தூக்கத்தில் பெரியம்மா முழங்காலை மடக்கிவிட்டார். கருவி கூவியது. செவிலியர் ஓடி வந்து காலை நீட்டியதும் அடங்கியது. நான் நாற்காலியில் உட்கார்ந்தபடி அந்தத் தொடையையே பார்த்துக்கொண்டிருந்தேன். குழாய் அங்கே நாள்கணக்கில் கிடக்கப் போகிறது, மனிதர் தூங்குவார், இருமுவார், புரள்வார் என்பது அன்று இரவுதான் எனக்கு உறைத்தது.

திரும்பி வந்ததும் சோதனையை மாற்றினேன். அதுவரை மாதிரிகளை உலர்ந்த நிலையில், குளிரூட்டிய அறையில் சுற்றிப் பார்த்தோம். இனி உடல் வெப்பமான 37 பாகை செல்சியஸ் வெந்நீரில் நாள்கணக்கில் ஊறிய பிறகே சுற்ற வேண்டும் என்று எழுதினேன். எங்கள் குழாயின் பெபாக்ஸ் நெகிழி வெப்பத்திலும் ஈரத்திலும் இளகுவது. ஊறிய மாதிரிகள் மூன்றாவது உருளையிலேயே மடங்கின. முடிவு முன்னைவிட மோசம், ஆனால் உண்மைக்கு நெருக்கம் என்பதால் நான் வருத்தப்படவில்லை.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் எங்கள் ரீஃப்ளோ மேசையில் இருபது ஆண்டுகளாக வேலை செய்யும் அக்கா. புக்கிட் மெர்தாஜாமிலிருந்து தினமும் பாலம் கடந்து வருகிறவர். எஃகுத் தண்டின்மேல் உள்ளுறை, பின்னல் கம்பி, வெவ்வேறு கடினத்தன்மை கொண்ட பெபாக்ஸ் துண்டுகள் என்று வரிசையாக ஏற்றி, சுருங்கும் உறையால் மூடி, சூட்டில் உருக்கி ஒன்றாக்குவது அவர் வேலை. மடங்கிய மாதிரியை விளக்கடியில் வைத்து, "தம்பி, இங்கே நகத்தால் தடவிப் பாருங்கள்" என்றார். தடவினேன். கடினத் துண்டும் மென்மையான துண்டும் சேரும் இடத்தில் மயிரிழை அளவு மேடு. வளைவு முழுவதும் அந்த ஒரு கோட்டில் குவிந்திருக்கிறது. கணினி மாதிரியில் அந்தச் சேர்க்கையை நான் வெறும் கோடாக வரைந்திருந்தேன்.

துண்டுகளின் முனைகளைச் சரிவாக வெட்டி ஒன்றன்மேல் ஒன்று ஏறச் செய்தோம். நெகிழியின் கடினத்தை அளக்கும் ஷோர் டி அளவையில் 72 டி கடினத்திலிருந்து 40 டிக்கு ஒரே தாவலாகப் போனதை 63, 55 என்று படிகளாக்கினோம். தொடையிடுக்குப் பகுதியில் பின்னலுக்குப் பதில் சுருள் கம்பி வைத்தோம். சுருள் வளைந்தாலும் வட்டமாகவே நிற்கும். ஆனால் இழுத்தால் ஸ்பிரிங் போல நீண்டுவிடும். கதீட்டர்களுக்கான ஐஎஸ்ஓ 10555 தரப்படி இந்த அளவுக் குழாய் 15 நியூட்டன் இழுவிசையாவது தாங்க வேண்டும். முதல் சுருள் மாதிரி அதற்கு முன்பே அறுந்துவிட்டது. நீளவாக்கில் அராமிட் என்னும் வலிமையான செயற்கை இழைகளைப் பதித்தபின்தான் தாங்கியது. இழைகள் அதிகமானால் குழாய் விறைக்கிறது, குறைந்தால் நீள்கிறது. இந்த இழுபறியிலேயே நான்கு மாதம் போனது.

இடையே மழைக்காலம் வந்தது, உருகிய பெபாக்ஸில் குமிழிகள் தோன்றின. காற்றின் ஈரத்தை அது உறிஞ்சியிருந்தது. உலர்த்தும் நேரத்தைக் கூட்டியதும் சரியாயிற்று.

இருபத்தேழாவது மாதிரி, வெந்நீரில் ஊறி, ஐந்தாவது உருளையைச் சுற்றியும் வட்டம் குலையாமல் நின்றது. கரைசலின் அழுத்தமானியில் முள் அசையவில்லை. அக்காவை அழைத்துக் காட்டினேன். அவர் முதலில் அழுத்தமானியைப் பார்க்கவில்லை. குழாயை வாங்கி, சேர்க்கைகள் ஒவ்வொன்றையும் நகத்தால் தடவிக்கொண்டே வந்தார். மூன்றாவதில் ஒரு கணம் நிறுத்தி, மறுபடி தடவிவிட்டு, "சரி" என்றார். எத்திலீன் ஆக்சைடு கிருமிநீக்கத்துக்குப் பின் எடுக்க வேண்டிய அளவீடுகளுக்காக அதேபோல முப்பது குழாய்கள் செய்யும் வேலையை அன்று மாலையே தொடங்கினோம்.