விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது

எங்கள் தோட்டத்துக் கிணறு 60 அடி ஆழம். நாலு வருஷமாகப் புழக்கம் இல்லாமல் கிடந்ததில் வேப்பிலையும் தென்னை மட்டையும் விழுந்து மட்கி, அடியில் இடுப்பளவு சேறு. தூர் வாரலாம் என்று அப்பா சொன்னதுமே எனக்கு வயிற்றைப் பிசைந்தது. சின்ன வயதில் பக்கத்து ஊரில் இப்படித்தான் கிணற்றுக்குள் இறங்கியவர் மேலே வரவில்லை. அவரைத் தூக்கப் போன தம்பியும் வரவில்லை.

தண்ணீரை இறைத்து முடித்த அன்று காலை, மேஸ்திரி அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கினார். அடிவரை நின்று எரிந்தது. "அணையலீங்க, எறங்கிக்கலாம்" என்று லுங்கியை மடித்துக் கட்டினார். அஞ்சு நிமிஷம் பொறுக்கச் சொல்லிவிட்டு, கோவையிலிருந்து வாடகைக்கு எடுத்து வந்திருந்த கேஸ் டிடெக்டரைக் கயிற்றில் விட்டேன். பத்தடிக்கு ஒருமுறை நிறுத்தி நிறுத்தி இறக்கியதில், 40 அடி தாண்டியதும் வீலென்று கத்தியது. மேலே இழுத்துப் பார்த்தால், பதிவாகியிருந்த குறைந்தபட்ச ஆக்சிஜன் 17.9.

வெளிக்காற்றில் அது 20.9 சதவீதம். 19.5க்குக் கீழே போனால் ஆள் இறங்கக் கூடாது. விளக்கோ கிட்டத்தட்ட 16, 17 வரைக்கும் எரியும். ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷவாயு இருப்பதை அது காட்டவே காட்டாது. மீத்தேன் இருந்தால் அந்தச் சுடரே வெடிக்க வைத்துவிடும். விளக்கை இறக்க விட்டதே என் தப்பு.

இலைதழை மட்கும்போது ஆக்சிஜனைத் தின்றுவிட்டுக் கரியமில வாயுவை விடுகிறது. அது காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம் என்பதால் அடியிலேயே படுத்துக்கொள்ளும். கிணற்று மேட்டில் நின்று முகர்ந்து பார்த்து ஒன்றும் தெரியாது. காற்றை ஊதித் தள்ளும் ப்ளோயரின் குழாயை அடிவரை இறக்கி ஒரு மணி நேரம் ஓட விட்டோம். ஜெனரேட்டர் புகை உள்ளே போகாதபடி, அதைக் காற்று வீசிப் போகும் பக்கமாகத் தள்ளி வைத்தோம். மறுபடி இறக்கியபோது 20.8, மற்ற வாயுக்கள் பூஜ்யம். சேற்றைக் கிளறினால் அடைபட்ட வாயு கிளம்பும் என்பதால் ப்ளோயரை நிறுத்தவில்லை. டிடெக்டரை மேஸ்திரியின் நெஞ்சிலேயே மாட்டினோம்.

இதற்கெல்லாம் ஒத்துக்கொண்ட அவர் மகன் ஒன்றுக்கு மட்டும் மசியவில்லை. என்ன நடந்தாலும் பின்னாலேயே யாரும் குதிக்கக் கூடாது என்றேன்.

"அப்பன் உள்ள கெடந்தா நான் சும்மா நிக்கறதுங்களா?"

"சும்மா நிக்க வேண்டாம் தம்பி. பெல்ட்டுக் கயிறு உங்கிட்டதான் இருக்கும். கூப்பிட்டுப் பதில் வரலைன்னா கிரேன்ல தூக்கிடலாம், 112க்கு நான் அடிக்கிறேன். நீயும் எறங்கிட்டா ரெண்டு பேரையும் யாரு தூக்கறது?"

ரொம்ப நேரம் பேசாமல் நின்றான். பிறகு கயிற்றைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டான். கையில் சுற்றாதே, இடுக்கிப் பிடி என்று மேஸ்திரியே திருத்தினார்.

அவர் இறங்க இறங்க, பத்தடிக்கு ஒருமுறை அவன் "அப்பா" என்பான், கீழிருந்து "ஓய்" என்று வரும். கடைசிப் பத்தடியில் பதில் கொஞ்சம் தாமதித்தது. என் கை போனுக்குப் போய்விட்டது.

"காத்து ஜில்லுன்னு வருதுடா" என்றது அடியிலிருந்து.